இணையவழிக் கணிதப் பாடம் மாற்றுப் பள்ளி மாணவர்களுக்கு உதவுகிறதா என்பதை எப்படி ஆராய்வது?

நீங்கள் அமெரிக்காவில் ஒரு மாற்றுப் பள்ளியில், அதாவது வழக்கமான பள்ளியில் தொடர முடியாத அல்லது விரும்பாத மாணவர்களுக்கான பள்ளியில், கணிதம் கற்பிக்கிறீர்கள். அங்கே அல்ஜீப்ரா 1 (உயர்நிலைப் பள்ளி இயற்கணிதத்தின் முதல் பாடம்) இப்போது முழுக்க இணையவழி மென்பொருளில்தான் நடக்கிறது. ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தேர்வெழுதிய நாற்பது மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்திருக்கிறது. இதை ஆதாரமாகக் காட்டி, இணையவழிக் கற்பித்தல் பயனளிக்கிறது என்று முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதலாமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக நினைக்கிறேன். அந்த உயர்வுக்குக் காரணம் மென்பொருள்தானா என்பது முதலாவது. ஒரே ஒரு சிறிய பள்ளியை வைத்துக்கொண்டு இதை நம்பத்தகுந்த முறையில் ஆராய முடியுமா என்பது இரண்டாவது. கணித ஆசிரியராக இருந்து, பிறகு பல ஆண்டுகளாகக் கல்வித் திட்டங்களின் விளைவுகளை மதிப்பிடும் பணியில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இப்போது கையிலிருக்கும் தரவை வைத்து அப்படி எழுத முடியாது. ஆனால் கேள்வியைச் சற்றுச் சுருக்கிக்கொண்டால் உங்கள் பள்ளியிலேயே உருப்படியான ஆய்வு ஒன்றைச் செய்ய முடியும்.

முன்தேர்வையும் பின்தேர்வையும் மட்டும் ஒப்பிடுவது எந்தப் பள்ளியிலும் பலவீனமான முறைதான். மாற்றுப் பள்ளியில் அது இன்னும் பலவீனமானது. ஒரு மாணவர் மாற்றுப் பள்ளிக்கு அனுப்பப்படும் காலம் பெரும்பாலும் அவர் வாழ்க்கையின் மிக மோசமான காலமாக இருக்கும். பல வாரங்கள் பள்ளிக்கே வராமல் இருந்திருப்பார், வீட்டில் ஏதோ நடந்திருக்கும், அல்லது பழைய பள்ளியிலிருந்து ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டிருப்பார். அந்த வாரத்தில் வைக்கும் முன்தேர்வில் அவர் எடுக்கும் மதிப்பெண் அவருடைய உண்மையான அறிவைவிடக் குறைவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மாத்திரை கொடுத்தால் எந்த மாத்திரையும் வேலை செய்வதுபோலத் தோன்றும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் சொல்லப்படுவது இதுவே. எதையும் மாற்றாமல் விட்டிருந்தாலும் அந்த மதிப்பெண்களில் ஒரு பகுதி தானாக உயர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த நாற்பது பேர் யார் என்பதுதான். ஆண்டு இறுதியில் தேர்வெழுத அங்கே இருந்தவர்கள் அவர்கள். ஆண்டு முழுவதும் உங்கள் வகுப்பில் பதிவானவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் நடுவில் நின்றுவிட்டார்கள், எத்தனை பேர் பழைய பள்ளிக்கே திரும்பினார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போய்விட்டார்கள் என்ற கணக்கு உங்கள் கேள்வியில் இல்லை. மாற்றுக் கல்வியைப் பற்றிய எந்த ஆய்வறிக்கையை எடுத்தாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். திரையின் முன் தனியாக உட்கார்ந்து படிக்க முடியாமல் விலகிப் போனவர் அந்தப் பாடத்தின் விளைவில் ஒரு பகுதி. அவரை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி, நிலைத்து நின்றவர்களைப் பற்றி மட்டுமே பேசும்.

‘மாற்றுப் பள்ளி’ என்ற ஒரே பெயரில் வேறுவேறு இடங்கள் இயங்குவதையும் சொல்ல வேண்டும். கல்வி ஆய்வாளர் மேரி ஆன் ரேவிட் 1994-இல் அவற்றை மூன்றாக வகைப்படுத்தினார்: மாணவர் தாமே விரும்பித் தேர்ந்தெடுக்கும் பள்ளிகள், வெளியேற்றத்துக்கு முந்தைய கடைசி வாய்ப்பாக அனுப்பப்படும் பள்ளிகள், படிப்பிலோ மனநலத்திலோ சீரமைப்புத் தேவைப்படுவோருக்கான பள்ளிகள். அமெரிக்க அரசின் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் 2007-08 கல்வியாண்டுக்கு நடத்திய கணக்கெடுப்பில் 64 சதவீதப் பள்ளி மாவட்டங்களில் இத்தகைய பள்ளியோ திட்டமோ குறைந்தது ஒன்று இருந்தது. அவற்றில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். சில வாரத் தண்டனைக் காலத்துக்கு வந்துபோகும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கும், உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெற இரண்டே கிரெடிட் (பாடத்தில் தேறினால் கிடைக்கும் அலகு) குறைவாக உள்ள, இரவில் வேலைக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் ஒரே மென்பொருள் ஒரே விளைவைத் தரும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. உங்கள் பள்ளி இவற்றில் எந்த வகை, மாணவர்கள் சராசரியாக எவ்வளவு காலம் அங்கே தங்குகிறார்கள் என்பதை ஆய்வேட்டின் முதல் பக்கங்களிலேயே எழுதிவிடுங்கள். அது இல்லாமல் உங்கள் முடிவு யாருக்குப் பொருந்தும் என்று வாசிப்பவரால் சொல்ல முடியாது.

இனி, உறுதியாகத் தெரிந்தவை. உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் வலுவான ஆய்வு சிகாகோவில் நடந்தது. அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட்ஸ் ஃபார் ரிசர்ச் நிறுவனமும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு அமைப்பும் சேர்ந்து, ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1-இன் இரண்டாம் பருவத்தில் தோல்வியடைந்த 1,224 மாணவர்களை, 2011, 2012 கோடைகளில், 17 உயர்நிலைப் பள்ளிகளில், குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி இணையவழியில் அந்தப் பருவத்தை மீண்டும் படித்தது. மறு பாதி ஆசிரியர் நேரில் நடத்திய வகுப்பில் படித்தது. இணையவழி மாணவர்களில் 66 சதவீதத்தினரும் நேர்வகுப்பு மாணவர்களில் 76 சதவீதத்தினரும் கிரெடிட்டை மீட்டார்கள். பாட இறுதியில் வைத்த தேர்விலும் இணையவழிக் குழு பின்தங்கியது. பாடம் கடினமாக இருந்ததாக அந்தக் குழுவினரே அதிகம் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், அடுத்தடுத்த கணிதப் பாடங்களிலும் கிரெடிட்டுகளிலும், இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இணையவழி வகுப்பிலும் அறையில் வழிகாட்டி ஒருவர் இருந்தார், இணையத்தின் மறுமுனையில் ஆசிரியரும் இருந்தார். அப்படி இருந்தும் விளைவு இதுதான்.

இந்த ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு இணையவழி உதவாது என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அதே நிறுவனம் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் 68 பள்ளிகளைக் கொண்டு நடத்திய இன்னொரு குலுக்கல் ஆய்வு நேர் எதிரான விடையைத் தந்தது. அங்கே எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படிக்கத் தயாராக இருந்தும், பள்ளி மிகச் சிறியது என்பதால் அந்த வகுப்பே இல்லாமல் போன கிராமப்புற மாணவர்களுக்கு இணையவழியில் அல்ஜீப்ரா 1 தரப்பட்டது. அவர்கள் அல்ஜீப்ராவில் தெளிவாக முன்னேறினார்கள்; உயர்நிலைப் பள்ளியில் மேல்நிலைக் கணிதப் பாதைக்குப் போனவர்களின் பங்கு ஏறத்தாழ இரு மடங்கானது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. மெய்னில் இணையவழிப் பாடத்துக்கு மாற்றாக இருந்தது அல்ஜீப்ரா வகுப்பே இல்லாத நிலை. சிகாகோவில் மாற்றாக இருந்தது சம்பளம் பெறும் ஆசிரியர் நேரில் நடத்திய வகுப்பு. மாணவர்களும் வேறு: முந்தையவர்கள் தயாரானவர்கள், பிந்தையவர்கள் ஒருமுறை தோற்றவர்கள். ஆகவே ‘இணையவழிக் கணிதம் உதவுகிறதா’ என்ற கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு நீங்கள் ஆய்வைத் தொடங்க முடியாது. எதோடு ஒப்பிட்டு, எந்த மாணவருக்கு என்ற இரண்டையும் கேள்விக்குள்ளேயே எழுதியாக வேண்டும். உங்கள் பள்ளியில் மென்பொருள் இல்லையென்றால் என்ன நடந்திருக்கும்? சான்றிதழ் பெற்ற கணித ஆசிரியரின் வகுப்பா, ஒளிநகல் எடுத்த பயிற்சித்தாள் கட்டா, எதுவுமே இல்லையா? இதற்கு நேர்மையாகப் பதில் எழுதிவிட்டால் ஆய்வின் பாதி வடிவம் கிடைத்துவிடும்.

ஆசிரியரை அகற்றாமல் அவருக்குத் துணையாக மென்பொருள் வரும்போது சான்றுகள் சற்று நம்பிக்கை தருகின்றன. ராண்ட் ஆய்வு நிறுவனம் ஏழு மாநிலங்களில் 147 பள்ளிகளில் கார்னகி லேர்னிங் என்ற நிறுவனத்தின் அல்ஜீப்ராப் பாடத்திட்டத்தைச் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முதலாம் ஆண்டில் பயன் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 0.20 திட்ட விலக்க அளவு முன்னேற்றம் கிடைத்தது (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு). அந்தப் பாடத்திட்டத்தில் ஆசிரியர் நடத்தும் வகுப்பும் உண்டு, கணினியில் பயிற்சியும் உண்டு. மெய்னில் ஏழாம் வகுப்பு வீட்டுப்பாடத்துக்கு அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற கருவியைப் பயன்படுத்திய ஆய்விலும் 0.18 என்ற அளவில் பயன் தெரிந்தது. அங்கே மறுநாள் வகுப்பில் எந்தக் கணக்கைப் பேச வேண்டும் என்று ஆசிரியருக்குக் கருவி காட்டிக்கொடுத்தது. இவையெல்லாம் வழக்கமான பள்ளிகள். மாற்றுப் பள்ளிக்குள்ளேயே, இதே தரத்தில், கணிதத்துக்காக நடந்த ஆய்வுகள் மிகவும் அரிது. சிகாகோ மாணவர்கள் உங்கள் மாணவர்களுக்கு நெருங்கியவர்கள்தான் என்றாலும், அவர்கள் வழக்கமான பள்ளியில் படித்தபடி ஒரு பாடத்தில் தோற்றவர்கள். அந்த முடிவை உங்கள் பள்ளிக்கு நீட்டுவது ஊகம். நியாயமான ஊகம், ஆனாலும் ஊகம். உங்கள் ஆய்வு தேவைப்படுவதும் அதனால்தான்.

ஆசிரியர் அருகில் இருப்பது ஏன் முக்கியம் என்று நான் கருதுகிறேன் என்பதற்கு ஒரே ஒரு கணக்கைக் காட்டுகிறேன். திரையில் −3(x − 5) = 12 என்ற சமன்பாடு வருகிறது. மாணவர் அடைப்புக்குறியை நீக்கி −3x − 15 = 12 என்று தாளில் எழுதுகிறார்; −3x = 27, ஆகவே x = −9 என்று தட்டுகிறார். தவறு என்று சிவப்புக் குறி வருகிறது. விடையை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு அவர் எங்கே தவறினார் என்று தெரியாது. அவர் உதவிக் குறிப்பை அழுத்துகிறார், மீண்டும் அழுத்துகிறார்; கடைசிக் குறிப்பு x = 1 என்ற விடையையே சொல்லிவிடுகிறது. அதைத் தட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறார். பதிவேட்டில் அந்தக் கணக்கு முடிந்ததாகவும் அவர் அத்தனை நிமிடம் உழைத்ததாகவும் ஏறிவிடுகிறது. அருகிலிருக்கும் ஆசிரியர் தாளை எட்டிப் பார்த்தால் குறை எதிரெண்ணை எதிரெண்ணால் பெருக்குவதில் இருப்பது அரை நிமிடத்தில் தெரியும். முந்தைய ஆண்டுகளின் பாடத்துக்குப் போய் வருவார். இணைய வகுப்பு பெரும்பாலும் பாடத்திட்ட வரிசையை விட்டு விலகாது. நேர்வகுப்பு ஆசிரியர் பின்னோக்கிப் போவார். உங்கள் மாணவர்களில் பலருக்கு வேண்டியது அதுதான். இந்த விளக்கம் வகுப்பறைகளில் நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. ஆனால் சிகாகோவின் பத்து சதவீதப் புள்ளி இடைவெளிக்கு இதுதான் காரணம் என்று குலுக்கல் முறையில் எவரும் நிறுவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் ஆய்வின் வடிவத்துக்கு வருகிறேன். நாற்பது பேரை இருபது இருபதாகக் குலுக்கிப் பிரித்தாலும் எண்ணிக்கை போதாது. 0.20 திட்ட விலக்க விளைவை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, ஒவ்வொரு குழுவிலும் சுமார் 400 பேர் வேண்டும். முன்தேர்வு மதிப்பெண், பின்தேர்வு வேறுபாட்டில் பாதியை விளக்குமானால் சுமார் 200 பேர் போதும். இருபது பேர் கொண்ட குழுக்களில், முன்தேர்வைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், 0.63 அளவுக்கு மேற்பட்ட விளைவு மட்டுமே நம்பகமாகப் புலப்படும். பெரிய ஆய்வுகளில் கணிதத்துக்கு அந்த அளவு பயன் கிடைப்பதே அபூர்வம். எனவே சிறு எண்ணிக்கையில் ‘வேறுபாடு இல்லை’ என்று வந்தால் அதற்குப் பயன் இல்லை என்று பொருளல்ல, உங்கள் அளவுகோல் போதவில்லை என்றுதான் பொருள். இதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதத் தயங்காதீர்கள். நல்ல தேர்வாளர் அதை மதிப்பார்.

வழி இல்லாமல் இல்லை. மாற்றுப் பள்ளியில் மாணவர்கள் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வந்து சேர்கிறார்கள் என்பது ஆசிரியருக்குத் தொல்லை. ஆய்வாளருக்கு அது வசதி. வந்து சேரும் வரிசையில் நான்கு நான்கு பேராக எடுத்து, இருவர் மென்பொருள் மட்டும், இருவர் மென்பொருளோடு வாரம் இருமுறை சிறுகுழுவில் ஆசிரியர் நேரம் என்று முன்கூட்டியே தயாரித்த குலுக்கல் பட்டியலின்படி பிரிக்கலாம். யாருக்கும் இப்போது இருப்பதைவிடக் குறைவாக எதுவும் கிடைக்காது, ஆசிரியர் நேரம் எல்லோருக்கும் போதாத நிலையில் குலுக்கல் நியாயமானதும்கூட. உங்கள் மாவட்டத்தில் இதே மென்பொருளைப் பயன்படுத்தும் வேறு பள்ளிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து, இரண்டு ஆண்டுத் தரவைத் திரட்டுங்கள். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் மாணவர்களைப் பிரியுங்கள். பள்ளியை முழுதாக ஒரு பக்கம், இன்னொரு பள்ளியை மறுபக்கம் என்று வைத்தால், இருபது மாணவர்கள் கொண்ட தொகுதிகளில் உள்தொடர்புக் குணகம் (ஒரே பள்ளி மாணவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.15 இருந்தாலே உங்களுக்குத் தேவையான எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும்.

குலுக்கலுக்கு நிர்வாகம் ஒப்பவில்லை என்றால், நாற்பது பேரை வைத்துக்கொண்டு நான் பரிந்துரைப்பது பல அடிப்படைக்கோட்டு வடிவமைப்பு. மாணவர்களை மூன்று சிறு குழுக்களாக வைத்து, எல்லோருக்கும் வாரந்தோறும் பத்துக் கணக்குகள் கொண்ட ஒரே கடினநிலைத் தாளைக் கொடுத்து, புதிய முறையை (மென்பொருளோடு ஆசிரியர் நேரம்) முதல் குழுவுக்கு ஆறாம் வாரத்திலும் அடுத்ததற்குப் பதினோராம் வாரத்திலும் மூன்றாவதற்குப் பதினாறாம் வாரத்திலும் தொடங்கினால், ஒவ்வொரு குழுவின் கோடும் அதனதன் தொடக்க வாரத்திலேயே உயர்கிறதா என்று பார்க்க முடியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து அளவீடுகளாவது வேண்டும். இதைக் கொண்டு மாநிலத்துக்கே பொருந்தும் முடிவைச் சொல்ல முடியாது. உங்கள் பள்ளியில், இந்த மாணவர்களுக்கு, இந்தத் திறனில் என்ன நடந்தது என்பதை ஒரே முன்தேர்வும் பின்தேர்வும் தருவதைவிடப் பல மடங்கு உறுதியாகச் சொல்லலாம்.

எதை அளப்பது என்பதில் கண்டிப்பாக இருங்கள். கிரெடிட் கிடைத்தது வேறு, கணிதம் தெரிந்தது வேறு. கிரெடிட்டைத் தீர்மானிப்பது மென்பொருளின் தேர்ச்சி எல்லை. அதைப் பள்ளியே மாற்றிக்கொள்ள முடியும், பல பள்ளிகளில் மறுமுயற்சிக்கும் வரம்பில்லை. மென்பொருளுக்குள் வரும் தேர்வு அதே மென்பொருளின் பயிற்சியை ஒத்திருக்கும் என்பதால் அதுவும் தனித்த சான்று ஆகாது. வேறு ஓர் அமைப்பு தயாரித்த தேர்வை, கண்காணிப்போடு, இரு குழுவுக்கும் ஒரே நாளில், முடிந்தால் தாளில் வையுங்கள். கிரெடிட்டையும் வருகையையும் சேர்த்தே பதியுங்கள், ஏனென்றால் உங்கள் மாணவர்களுக்குப் பட்டயம் கையில் கிடைப்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் மூன்றையும் கலந்து ஒரே எண்ணாக்கிவிடாதீர்கள்.

பகுப்பாய்வில் பலரும் இடறும் இடம் பயன்பாட்டு நேரம். ‘இருபது மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தியவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள்’ என்ற வாக்கியம் மென்பொருள் நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் அடிக்கடி வரும். இருபது மணி நேரம் உட்கார்ந்தவர் வருகையிலும் ஊக்கத்திலும் முன்பே வேறுபட்டவர். மென்பொருள் இல்லாமலும் அவர் முன்னே இருந்திருக்கலாம். குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழுவிலேயே, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொருவரையும் கணக்கிடுங்கள். நடுவில் போனவர்களின் எண்ணிக்கையைக் குழுவாரியாகத் தனித்தனியே சொல்லுங்கள். மொத்த விலகலைவிட, இரு குழுக்களின் விலகல் வீதத்துக்கு இடையேயான வேறுபாடே முடிவை அதிகம் வளைக்கும். குலுக்கல் இல்லாத ஒப்பீடு என்றால், அமெரிக்கக் கல்வித் துறையின் கீழ் ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் வைத்திருக்கும் எல்லை உங்களுக்கு உதவும்: தொடக்க மதிப்பெண்ணில் இரு குழுக்களுக்கும் 0.05 திட்ட விலக்கத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் புள்ளியியல் சரிக்கட்டல் வேண்டும், 0.25-ஐத் தாண்டினால் அந்த ஒப்பீட்டையே ஏற்பதில்லை.

கடைசியாக, அனுமதி. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்காமல் தரவைத் தொடாதீர்கள். மாணவர் பதிவேடுகளுக்கு 1974-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமான குடும்பக் கல்வி உரிமைகள், தனியுரிமைச் சட்டமும் (FERPA) பொருந்தும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் பெற்றோரின் அனுமதியும் மாணவரின் சம்மதமும் வேண்டும், அந்த வயதைக் கடந்தவர்கள் தாமே கையெழுத்திடலாம். உங்கள் பள்ளி சிறார் காவல் இல்லத்தோடு இணைந்ததென்றால் கைதிகளுக்கான தனி விதிகளும் சேரும், அதற்கான பரிசீலனை மாதக்கணக்கில் நீளக்கூடும் என்பதால் வசந்த காலத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். அவர்களுக்கு மதிப்பெண் போடுபவர் நீங்கள் என்பதால் சம்மதம் கேட்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. பள்ளி ஆலோசகரோ உங்கள் துறையின் வேறொரு மாணவரோ அதைக் கேட்கட்டும், யார் மறுத்தார்கள் என்பது இறுதி மதிப்பெண் பதிவாகும் வரை உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.